கடைசியிலிருந்து எண்ண வேண்டாம்: இத்தாலிய வினைச்சொல்லில் அசையும் அழுத்தமும்

இத்தாலிய மொழியில் எட்டே எழுத்துள்ள ஒரு சொல்லை மூன்று விதமாகப் படிக்கலாம். முதல் அசையை அழுத்தி ˈகா-பி-த-னொ என்றால் ‘நேர்கின்றன’ என்று பொருள். மூன்றாம் அசையை அழுத்தி க-பி-ˈதா-னொ என்றால் கேப்டன். கடைசி அசையை அழுத்தி க-பி-த-ˈனொ என்றால் ‘தலைமை தாங்கினார்’. மூன்றாவதற்கு மட்டும் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள். முதல் இரண்டுக்கும் எழுத்தில் எந்த அடையாளமும் கிடையாது. படிப்பவரே தெரிந்து படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தாலியம் கற்கத் தொடங்குபவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு விதி சொல்லித் தருவார்கள்: கடைசிக்கு முந்திய அசையை அழுத்துங்கள். பெயர்ச்சொற்களில் பெரும்பாலும் இது கைகொடுக்கும். வினைச்சொல்லுக்குள் நுழைந்ததும் கைவிட்டுவிடும். அதிலும் ‘அவர்கள்’ என்ற இடத்துக்கு வரும் வடிவங்களில் ஏறக்குறைய முழுவதுமாகவே கைவிட்டுவிடும். நான் பல மாதம் ‘அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்’ என்பதை பர்-ல-ˈவா-னொ என்றே சொல்லிவந்தேன். விதிப்படி சரி, மொழிப்படி தவறு. பர்-ˈலா-வ-னொ என்பதுதான் சரி.

மேலே போகுமுன், இங்கே சொற்களை எழுதும் முறை பற்றி இரண்டு வார்த்தை. அசைகளை இடைக்கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற குறி இருக்கும். அசை என்று நான் சொல்வது யாப்பிலக்கண அசை இல்லை. நம் யாப்பில் ‘பல’ என்பது ஒரே நிரையசை. இத்தாலியக் கணக்கில் அது இரண்டு அசை. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். வல்லின எழுத்துகளில் ஒலிப்பு உள்ளதையும் இல்லாததையும் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாது. ஆனால் இந்த விஷயத்துக்கு அது தேவையும் இல்லை.

தேவையான ஒன்றைத் தமிழ் எழுத்து நன்றாகக் காட்டுகிறது. இத்தாலியத்தில் அழுத்தம் விழும் அசை உயிரொலியில் முடிந்து, அது சொல்லின் கடைசி அசையாகவும் இல்லையென்றால், அந்த உயிர் நீளும். அசை மெய்யில் முடிந்தால் நீளாது. நாம் குறில், நெடில் என்று எழுதிவிட்டாலே பாதி உச்சரிப்பு தானாக வந்துவிடும். ‘பேச’ என்பதற்கான பர்-ˈலா-ரெ என்ற சொல்லில் லா நெடில். ‘பேசுகிறேன்’ என்பதற்கான ˈபர்-லொ என்ற சொல்லில் அழுத்தம் ‘பர்’ மேல் விழுந்தாலும் அது ர் என்ற ஒற்றோடு முடிவதால் குறிலாகவே நிற்கிறது.

அசை பிரிக்கும் விதிகள் எளிமையானவை. இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றை மெய் வந்தால் அது பின்னால் வரும் உயிரோடு சேரும்: ˈஆ-மொ, ‘நேசிக்கிறேன்’. இரட்டித்த மெய் நடுவில் பிளக்கும்: ˈலெக்-கொ, ‘வாசிக்கிறேன்’. ல், ம், ன், ர் ஆகியவற்றுக்குப் பின் வேறொரு மெய் வந்தாலும் நடுவில் பிளக்கும்: ˈகன்-தொ, ‘பாடுகிறேன்’. ஒரு மெய்யோடு ர் அல்லது ல் ஒட்டிவந்தால் பிரியாது: ˈஆ-ப்ரொ, ‘திறக்கிறேன்’.

ஸ் விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல். ஸ் என்பதன் பின் இன்னொரு மெய் வந்தால் இரண்டையும் அடுத்த அசைக்கே தள்ள வேண்டும் என்கிறது இத்தாலிய எழுத்திலக்கணம். வரி முடிவில் சொல்லை உடைத்து அச்சிடும்போதும் அப்படித்தான் உடைப்பார்கள். ‘முடிக்கிறேன்’ என்பதற்கான சொல்லை ஃபி-னி-ஸ்கொ என்று பிரிப்பார்கள். ஆனால் காது வேறொன்றைச் சொல்கிறது. ‘னி’ உண்மையில் உயிரில் முடியும் அசையாக இருந்தால், அழுத்தம் பெற்று ‘னீ’ என நீள வேண்டும். யாரும் அப்படி நீட்டுவதில்லை. ஒலியில் அது ஃபி-ˈனிஸ்-கொ தான். நாம் பாஸ்தா என்று நெடிலாக எழுதும் உணவின் பெயரையும் இத்தாலியர்கள் குறிலாகத்தான் சொல்கிறார்கள், இதே காரணத்தால். நான் இந்தக் கட்டுரையில் காதின் பக்கம் நிற்கிறேன்.

இனி அழுத்தம். அது ஏன் இப்படி அலைகிறது என்பதற்கு லத்தீனுக்குப் போக வேண்டும். லத்தீனில் அழுத்தத்துக்குத் தெளிவான ஒரு கணக்கு இருந்தது. கடைசிக்கு முந்திய அசை நெடிலாகவோ ஒற்றில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அதன்மேல் விழும். வெறும் குறிலாக இருந்தால் அதற்கும் முந்திய அசைக்குப் போகும். அதைத் தாண்டி இன்னும் முன்னால் போகவே போகாது.

இந்தக் கணக்கின்படி லத்தீனில் ‘வசிக்கிறார்கள்’ என்பது ˈஹ-பி-தன்த். நடுவில் உள்ள ‘பி’ குறில் என்பதால் அழுத்தம் ‘ஹ’ மேல். பிறகு நூற்றாண்டுகள் ஓடின. முன்னால் இருந்த ஹ் தேய்ந்தது, கடைசியில் இருந்த த் உதிர்ந்தது. மெய்யில் முடியும் சொல்லை இத்தாலியம் விரும்பாததால் வாலில் ஓர் ஒகரம் வந்து ஒட்டிக்கொண்டது. விளைவு: ˈஆ-பி-த-னொ. அழுத்தம் தான் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை; சொல்தான் பின்பக்கம் வளர்ந்துவிட்டது. பின்னாலிருந்து எண்ணினால் இப்போது நான்காவது அசை. லத்தீன் ஒருபோதும் அனுமதித்திராத இடம்.

இத்தாலிய இலக்கணத்தில் இந்த இடங்களுக்குப் பெயர் உண்டு. கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம் விழுந்தால் அது ‘பியானா’, சமதளச் சொல். கடைசி அசையில் விழுந்தால் ‘த்ரோங்கா’, வெட்டுப்பட்ட சொல். கடைசியிலிருந்து மூன்றாவதில் விழுந்தால் ‘ஸ்த்ருச்சொலா’, வழுக்கிப் போகும் சொல். ˈஆ-பி-த-னொ போல நான்காவதில் விழுந்தால் இருமுறை வழுக்கும் சொல். பெயர்கள் அழகானவை. ஆனால் எல்லாமே பின்னாலிருந்து எண்ணுகின்றன. கற்பவரைத் தடுமாற வைப்பதும் அதுதான்.

என் ஆசிரியை இதை மேசையில் விரலால் தட்டித்தான் புரியவைத்தார். ஒருமையைச் சொல்லச் சொல்லி, அழுத்தம் வரும் அசையில் ஒரு தட்டு. பிறகு பன்மை, மறுபடி ஒரு தட்டு. ˈபர்-ல, ‘பேசுகிறார்’, ˈபர்-ல-னொ, ‘பேசுகிறார்கள்’. முதல் அசையில் தட்டு, இரண்டிலும். பர்-ˈலா-வ, பர்-ˈலா-வ-னொ: இரண்டாம் அசையில், இரண்டிலும். ‘பேசுவாரானால்’ என்ற சாயலுள்ள பர்-ˈலஸ்-ஸெ, பர்-ˈலஸ்-ஸெ-ரொ: இரண்டாம் அசை. ‘பேசுவாராக இருக்கும்’, ‘பேசக்கூடும்’ என்ற பக்கம் போகும் பர்-லெ-ˈரெப்-பெ, பர்-லெ-ˈரெப்-பெ-ரொ: மூன்றாம் அசை.

முன்னாலிருந்து எண்ணுங்கள். ஒருமையில் எத்தனையாவது அசையோ, பன்மையிலும் அதே. ‘பேசினார்’ பர்-ˈலொ, ‘பேசினார்கள்’ பர்-ˈலா-ரொ-னொ. பின்னாலிருந்து எண்ணினால் ஒன்று கடைசி, மற்றது மூன்றாவது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும். முன்னாலிருந்து எண்ணினால் இரண்டும் இரண்டாம் அசை. எதிர்காலத்தில் பர்-லெ-ˈர, பர்-லெ-ˈரன்-னொ, இரண்டும் மூன்றாவது. எதற்கும் அடங்காத ஒழுங்கற்ற வினைகளிலும் இது பிசகுவதில்லை.

தமிழருக்கு இது ஏன் எளிதாகப் பிடிபட வேண்டும் என்றால், நம் வினையும் இப்படித்தான் நடக்கிறது. பேசுகிறார் என்பதோடு ‘கள்’ என்ற வாலை ஒட்டினால் பேசுகிறார்கள். முன்னால் உள்ள எதுவும் மாறுவதில்லை. இத்தாலியத்தின் ‘னொ’, ‘ரொ’ இரண்டையும் அந்தக் ‘கள்’ இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். வாலுக்கு அழுத்தம் கிடையாது.

நிகழ்காலத்தில் ஆறு வடிவங்கள். நான், நீ, அவர், அவர்கள் ஆகிய நான்கிலும் அழுத்தம் வேரின்மேல். நாம், நீங்கள் ஆகிய இரண்டில் மட்டும் விகுதியின்மேல்: பர்-ˈல்யா-மொ, பர்-ˈலா-தெ. இந்த நாலுக்கு இரண்டு என்ற பிரிவினை இத்தாலிய வினைச்சொல்லின் உடம்பையே மாற்றியிருக்கிறது. அழுத்தம் பெற்ற உயிர் ஒரு வழியில் வளர்ந்தது, அழுத்தம் இழந்த உயிர் வேறு வழியில் தேய்ந்தது. அதனால் ஒரே வினைக்கு இரண்டு முகம். ‘வருகிறார்’ ˈவ்யே-னெ, ‘வருகிறோம்’ வெ-ˈன்யா-மொ. ‘இறக்கிறார்’ ˈம்வோ-ரெ, ‘இறக்கிறோம்’ மொ-ˈர்யா-மொ. ‘வெளியே போகிறேன்’ ˈஎஸ்-கொ, ‘வெளியே போகிறோம்’ உஷ்-ˈஷா-மொ. ‘கேட்கிறேன்’ ˈஓ-தொ, ‘கேட்கிறோம்’ உ-ˈத்யா-மொ. பாடப்புத்தகங்கள் இவற்றை ஒழுங்கற்ற வினைகள் என்று ஒரு பட்டியலில் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அழுத்தம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் அவற்றுக்குள் ஒழுங்கு இருக்கிறது. அழுத்தம் வேரில் இருந்தால் ஒரு முகம், வேரைவிட்டு நகர்ந்தால் மற்ற முகம்.

இந்த அலைச்சலைத் தவிர்க்க மொழியே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘இரெ’ என்று முடியும் வினைகளில் பெரும்பாலானவை நிகழ்காலத்தில் நடுவே ‘இஸ்க்’ என்ற ஒரு துண்டைச் செருகிக்கொள்ளும். ஃபி-ˈனிஸ்-கொ முடிக்கிறேன், ஃபி-ˈனிஷ்-ஷெ முடிக்கிறார், ஃபி-ˈனிஸ்-கொ-னொ முடிக்கிறார்கள். ஆனால் ஃபி-ˈன்யா-மொ முடிக்கிறோம், ஃபி-ˈனீ-தெ முடிக்கிறீர்கள். இவற்றில் செருகல் இல்லை. எந்த நான்கு வடிவங்களில் அழுத்தம் வேரின்மேல் விழுந்திருக்குமோ, சரியாக அந்த நான்கில்தான் இந்தத் துண்டு வருகிறது. வந்து அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. வேர் ஆறு வடிவங்களிலும் அழுத்தமில்லாமல், மாறாமல் இருக்கிறது. லத்தீனில் இந்தத் துண்டுக்கு ‘தொடங்குதல்’ என்ற பொருள் இருந்தது. இத்தாலியத்தில் அந்தப் பொருள் போய்விட்டது. அழுத்தத்தைத் தாங்கும் வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எதிர்காலத்துக்கு வருவோம். பர்-லெ-ˈரொ, ‘பேசுவேன்’. ஏன் கடைசி அசையில் அழுத்தம்? அது ஒரு காலத்தில் இரண்டு சொல். பழைய லத்தீன் எதிர்கால வடிவங்கள் வழக்கொழிந்தபின், மக்கள் ‘பேச எனக்கு இருக்கிறது’ என்பது போலச் சொல்லத் தொடங்கினார்கள். ‘பேச’ என்ற எச்சத்தோடு ‘உடைத்தாயிருக்கிறேன்’ என்ற துணைவினை ஒட்டி ஒரே சொல்லானது. அந்தத் துணைவினையின் இன்றைய இத்தாலிய வடிவங்கள் ஒ, ஐ, அ, அன்னொ. எதிர்கால விகுதிகளைப் பாருங்கள்: பர்-லெ-ரொ, பர்-லெ-ரை, பர்-லெ-ர, பர்-லெ-ரன்-னொ. துணைவினை அப்படியே உட்கார்ந்திருக்கிறது, தன் அழுத்தத்தோடு.

அழுத்தம் வாலுக்குப் போனதும் நடுவில் இருந்தவை மெலிந்தன. ‘பர்லாரெ’யில் கம்பீரமாக நீண்ட லா, எதிர்காலத்தில் ‘லெ’ ஆகச் சுருங்கிவிட்டது. ஃபிளாரன்ஸ் நகரப் பேச்சில் நடந்த மாற்றம் இது. அருகிலுள்ள சியெனாவில் பர்-ல-ˈரொ என்று அகரமே நின்றது. வேறு சில வினைகளில் நடு உயிர் முழுவதுமாகவே விழுந்துவிட்டது. வெ-ˈதே-ரெ ‘பார்க்க’, வெ-ˈத்ரொ ‘பார்ப்பேன்’. வெ-ˈனீ-ரெ ‘வர’, வெர்-ˈரொ ‘வருவேன்’.

இதே இடத்தில்தான் இரட்டித்த மெய்யும் வேலை காட்டுகிறது. பர்-லெ-ˈரே-மொ என்றால் ‘பேசுவோம்’. பர்-லெ-ˈரெம்-மொ என்றால் ‘பேசுவோமாக இருக்கும்’, அதாவது ஒரு நிபந்தனையோடு. அழுத்தம் இரண்டிலும் ஒரே அசையில். வேறுபாடு ஒரே ஒரு ம். மெய்யை இரட்டிப்பதும் ஒற்றையாக விடுவதும் பொருளை மாற்றாத மொழிக்காரர்களுக்கு இது பெரும் தொல்லை. ‘பாடு’, ‘பாட்டு’ என்று வேறுபடுத்தியே வளர்ந்த நமக்கு இதில் பயிற்சியே வேண்டாம். நமக்குப் பயிற்சி வேண்டியது அழுத்தத்தில்தான். அழுத்தம் மாறினால் பொருள் மாறும் என்பது தமிழில் இல்லாத விஷயம். ˈபர்-லொ ‘பேசுகிறேன்’, பர்-ˈலொ ‘பேசினார்’. தமிழில் எழுதினால் இரண்டும் அதே எழுத்து. ஆளும் மாறுகிறது, காலமும் மாறுகிறது.

‘எரெ’ என்று முடியும் வினைகளை அகராதி பார்க்காமல் படிக்க முடியாது. வெ-ˈதே-ரெ ‘பார்க்க’ என்பதில் அழுத்தம் விகுதியில். ˈஸ்க்ரீ-வெ-ரெ ‘எழுத’ என்பதில் வேரில். எழுத்தில் ஒரே முடிவு. லத்தீனில் இவை இரண்டு தனிக் கணங்கள். ஒன்றில் விகுதியின் எகரம் நெடில், மற்றதில் குறில். ஆனால் லத்தீன் தெரிந்தவர்களும் ஏமாறும் இடங்கள் உண்டு, ஏனென்றால் சில வினைகள் கணம் மாறிவிட்டன. ‘சிரிக்க’ லத்தீனில் நெடில் கணம், இத்தாலியத்தில் ˈரீ-தெ-ரெ. ‘விழ’ லத்தீனில் குறில் கணம், இத்தாலியத்தில் க-ˈதே-ரெ. இத்தாலியர்களே தடுமாறும் சொற்களும் இருக்கின்றன. ‘இணங்கவைக்க’ என்பதற்கு பெர்-ஸ்வ-ˈதே-ரெ என்பதுதான் சரியான வடிவம். அழுத்தத்தை ‘ஸ்வ’ மேல் போட்டு வழுக்குபவர்கள் நிறையப் பேர். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை சொல்வதையே வேலையாகக் கொண்ட அமைப்பு, ஃபிளாரன்ஸில் 1583இல் தொடங்கிய க்ரூஸ்கா அகாடமி. இத்தாலிய வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான ராயும் 1969இல் ஓர் உச்சரிப்பு அகராதி வெளியிட்டது. எழுத்து காட்டாததை அகராதிதான் காட்ட வேண்டியிருக்கிறது.

எழுத்து காட்டும் ஓரிடமும் உண்டு. ‘இயாரெ’ என்று முடியும் வினைகளில் இகரத்தின்மேல் அழுத்தம் விழுமா இல்லையா என்பதைப் பொறுத்து எழுத்துக்கூட்டலே மாறும். ‘அனுப்புகிறேன்’ இன்-ˈவீ-ஒ, அழுத்தம் இகரத்தில். அதனால் ‘நீ அனுப்புகிறாய்’ என்பதை இரண்டு இகரம் போட்டு எழுத வேண்டும். ‘படிக்கிறேன்’ ˈஸ்தூ-த்யொ, இகரத்துக்கு அழுத்தம் இல்லை, அது யகரமாக மெலிந்துவிட்டது. அதனால் ‘நீ படிக்கிறாய்’ என்பதில் ஒரே இகரம்.

மற்றபடி, அழுத்தக் குறி கட்டாயமாவது கடைசி அசையில் அழுத்தம் விழும்போது மட்டும். ஓரசைச் சொற்களில் குழப்பம் வரும் சிலவற்றுக்கும் போடுவார்கள்: குறி இருந்தால் ‘கொடுக்கிறார்’, இல்லாவிட்டால் ‘இருந்து’ என்ற இடைச்சொல். எகரத்திலும் ஒகரத்திலும் திறந்த ஒலி, மூடிய ஒலி என்று இரண்டு உண்டு. அழுத்தம் பெற்ற அசையில் மட்டுமே அந்த வேறுபாடு வரும். ˈலெஜ்-ஜெ என்பதை வாயைத் திறந்து சொன்னால் ‘வாசிக்கிறார்’, மூடிச் சொன்னால் ‘சட்டம்’. எழுத்தில் இரண்டும் ஒன்றே. இந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர், 1680இல் காஸ்திலியோனெ ஊரில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், தமிழ் எழுத்தில் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்துக் காட்டியவராக நம்மால் போற்றப்படுகிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். இந்தக் கட்டுரையில் லெ, லே என்று நான் வேறுபடுத்தி எழுத முடிவதும் அந்த வசதியால்தான்.

இறந்தகாலத்தில் ஒரு வகை இன்னும் சொல்ல வேண்டும். ‘எழுதினேன்’ ˈஸ்க்ரிஸ்-ஸி, ‘எழுதினார்’ ˈஸ்க்ரிஸ்-ஸெ, ‘எழுதினார்கள்’ ˈஸ்க்ரிஸ்-ஸெ-ரொ. மூன்றிலும் அழுத்தம் வேரில், வேரும் உருமாறியிருக்கிறது. ‘எழுதினாய்’ ஸ்க்ரி-ˈவெஸ்-தி, ‘எழுதினோம்’ ஸ்க்ரி-ˈவெம்-மொ, ‘எழுதினீர்கள்’ ஸ்க்ரி-ˈவெஸ்-தெ. மூன்றிலும் அழுத்தம் விகுதியில், வேர் மாறவில்லை. இப்படிப்பட்ட வினைகள் எல்லாவற்றிலும் இதே மூன்றும் மூன்றும்தான்.

கடைசியாக, ஒட்டுச்சொற்கள். ‘எனக்கு’, ‘அதை’, ‘அங்கே’ போன்ற சிறு சொற்கள் ஏவல் வினையின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அவையும் வால்தான், அழுத்தத்தை நகர்த்தாது. தெ-ˈலே-ஃபொ-ன ‘போன் செய்’, தெ-ˈலே-ஃபொ-ன-மி ‘எனக்குப் போன் செய்’. இலக்கணக்காரர்கள் எல்லைக்கு உதாரணமாகக் காட்டும் சொல் ˈஃபப்-ப்ரி-க-மி-செ-லொ, ‘அதை எனக்கு அங்கே செய்து கொடு’. பின்னாலிருந்து எண்ணினால் அழுத்தம் ஆறாவது அசையில். பேசுபவர் யாரும் அப்படி எண்ணுவதில்லை. ˈஃபப்-ப்ரி-க ‘செய்’ என்று தொடங்கிவிட்டு மற்றவற்றை ஒட்டிக்கொண்டே போகிறார்.

ஏவல் ஓரசையாக இருந்தால் மட்டும் வேறொன்று நடக்கும். த ‘கொடு’, மி ‘எனக்கு’: இரண்டும் சேர்ந்தால் ˈதம்-மி, நடுவில் ம் மிகும். தி ‘சொல்’, மி ‘எனக்கு’: ˈதிம்-மி. கடைக்குள் நுழைந்தால் தெரிந்தவரிடம் கடைக்காரர் சொல்லும் சொல் இதுதான். அழுத்தத்தோடு முடியும் சொல், அடுத்து வரும் மெய்யை இரட்டிக்கச் செய்கிறது. டஸ்கனியிலும் ரோமிலும் அதற்குத் தெற்கிலும் தனித்தனிச் சொற்களுக்கு நடுவிலும் இது கேட்கும். ‘நன்றாகப் பேசினார்’ என்பதை பர்-ˈலொ, ˈபே-னெ என்று பிரித்து எழுதுவார்கள், சொல்லும்போது பர்-லொப்-ˈபே-னெ. வடக்கே மிலானில் இந்த இரட்டிப்பு கேட்காது. நாம் ‘நன்றாகப் பேசினார்’ என்று எழுதும்போது மிகும் ப் எழுத்திலும் வருகிறது. அவர்கள் அதை ‘தம்மி’, ‘திம்மி’ போல ஒன்றாகிவிட்ட சொற்களில் மட்டும் எழுதி, மற்ற இடங்களில் வாய்க்கு விட்டுவிடுகிறார்கள்.